ஐந்து பேர் பங்கிட்ட முதுகுவலி

ஒரு விடுகதை போடுகிறேன். நீங்கள் போகும் இடமெல்லாம் கூடவே வரும். ஒருநாளும் உங்கள் முகத்தைப் பார்க்காது. அரித்தால் மட்டும் கைக்கு எட்டாது. அது என்ன?

முதுகு. சரியாகச் சொன்னவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கதை கேளுங்கள். சொல்லாதவர்களும்தான்.

செங்குளம் சந்தையில் ஐந்து சுமைதூக்கிகள் இருந்தார்கள். ஐம்பது மூட்டை வந்தால் ஆளுக்குப் பத்து. இரண்டு டீ வந்தால் ஐந்து தம்ளரில் ஊற்றுவார்கள். எது வந்தாலும் ஐந்து பங்கு, அதுதான் வழக்கம்.

அவர்களில் மாசானத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தேரோட்டத்துக்குப் பதினைந்தே நாள் இருந்தது. அவர் மகள் செண்பகத்துக்கு ஆறு வயது. போன வருஷம் கூட்டத்துக்குள் நின்று வெறும் வேட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவள். இந்த வருஷம் தோளில் தூக்கிவைத்துத் தேர் காட்டுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஐவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் பொறுமையாகச் சொன்னார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். நாளைக்குப் பத்து தடவை, அதற்கு மேல் கூடாது. தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். இப்படிச் செய்தால் தேரோட்டத்துக்குள் பிள்ளையைத் தூக்கலாம்.

"பத்துன்னா ஆளுக்கு ரெண்டு" என்றார் ஐவரில் மூத்தவரான கொம்பையா.

தினமும் காலையில் ஐவரும் வரிசையாகப் படுத்து, ஆளுக்கு இரண்டு தடவை இடுப்பைத் தூக்கினார்கள். நடையும் ஆளுக்கு ஆறு நிமிடம். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் நடந்தார். திரும்பி நடந்தால் அரைமணிக்கு மேல் போய்விடும் என்பதால் ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்தார்கள்.

பத்து நாள் கழிந்தது. மற்ற நால்வரின் முதுகும் முன்பைவிட நன்றாக இருந்தது. மாசானத்தின் முதுகு அப்படியே இருந்தது.

ஐவரும் மறுபடி டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். வலி யாருக்கோ அவர்தான் பத்தையும் செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா.

நால்வருக்கும் வெட்கமாகிவிட்டது. நாளைக்கு எட்டு வீதம் பத்து நாளாக மாசானத்தின் பங்கை எடுத்திருக்கிறார்களே. அந்த எண்பதையும் அன்றைக்கே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

முப்பத்துநாலாவது தடவை இடுப்பைத் தூக்கியபோது மாசானத்துக்கு வலித்தது. நிறுத்திவிட்டார். இடுப்பு மேலேயே நின்றது.

"கீழ இறங்கும்வே" என்றார் ஐவரில் ஒருவரான வெயிலுமுத்து.

"நிறுத்தத்தான் சொன்னாங்க. இறங்கச் சொல்லலையே" என்றார் மாசானம், அந்தரத்தில் இருந்தபடியே.

"இறங்குனா அதுவும் அரைத் தடவைல்லா" என்றார் கொம்பையா.

"அப்ப அந்த அரையை அஞ்சு பங்கு போடுவமா?" என்றார் வெயிலுமுத்து.

வாதம் முடிவதாக இல்லை. செண்பகம் வந்து அப்பாவின் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினாள். அவர் இறங்கிவிட்டார்.

இனி ஒரு வாரத்துக்கு மாசானம் எந்தப் பாரமும் தூக்கக் கூடாது, பிள்ளையையும்தான் என்று விஷயம் கேட்ட டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். மற்றவர்களையும் விடவில்லை. பாரம் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார்.

தேரன்று ஐவரும் யோசித்தார்கள். பிள்ளையைத் தூக்குவதிலும் ஐந்து பங்கு உண்டு. தன் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மாசானம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாசானம் தூக்கத்தான் கூடாது" என்றார் கொம்பையா நிதானமாக. "மாசானத்தைத் தூக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

மாசானத்தைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, பக்கத்தில் பிள்ளையை வைத்தார்கள். நால்வரும் ஆளுக்கொரு கட்டில் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மடக்கிய முழங்காலை எப்போது நிமிர்த்துவது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ஆகவே ரதவீதி முழுக்க மடக்கியபடியே நடந்தார்கள்.

யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை என்று ஜனங்கள் பதறி வழிவிட்டார்கள். கட்டில் நேரே தேருக்கு முன்னால் போய் நின்றது. செண்பகம் சக்கரத்திலிருந்து கலசம் வரை நிதானமாகப் பார்த்தாள்.

மறுநாள் நால்வரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் நின்றார்கள். ஆளுக்குப் பத்து என்றார் அவர். மொத்தம் நாற்பது, ஐந்து பேருக்கு எட்டெட்டு என்று கொம்பையா அங்கேயே பிரித்துவிட்டார்.

அடுத்த வருஷம் யார் தோளில் ஏறித் தேர் பார்ப்பாய் என்று செண்பகத்திடம் கேட்டார்கள். அவள் ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்தாள். டாக்டரம்மாவின் தோளைத் தேர்ந்தெடுத்தாள்.