தூணுக்கு அந்தப்புறம் ஓர் இலை

“ரெண்டு வருசமாச்சு. இன்னும் ஒரு வார்த்தை சொல்லித் தரலியே நீங்க” என்றார் மாசானம்.

குழல்வாய்மொழியம்மை தலை நிமிரவில்லை. முறத்தில் கிடந்த அரைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இன்னைக்குக் காலையில வந்தவன்கூடக் கூடத்துல உக்காந்து சாப்பிடுதான். எனக்கு மட்டும் தூணுக்கு அந்தப்புறம் இலை. நான் என்ன தப்புச் செஞ்சேன்? கெளம்புதேன்மா. பையைக்கூடக் கட்டியாச்சு.”

மலையடிவாரத்துச் சின்ன மடம் அது. சமைப்பது சங்கரபாண்டி. பரிமாறுவது கைக்கு அகப்பட்ட ஆள். ஆனால் மதியப் பந்திக்கு இலை போடுவது அம்மை மட்டும்தான். யாருக்கு எங்கே இலை கிடக்கிறதோ அவர் அங்கே உட்கார வேண்டும். ஏன் இங்கே, ஏன் அங்கே என்று கேட்கிற வழக்கம் இல்லை.

கேட்டாலும் பதில் வராது. பேரில்தான் மொழி இருக்கிறது. அம்மையின் வாயிலிருந்து அதை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

வயதில் அம்மை மாசானத்துக்குத் தங்கை மாதிரி. நாற்பது இருந்தால் அதிகம். மாசானம் ஐம்பதைத் தாண்டியவர், நாடு முழுக்க லாரி ஓட்டியவர். அவர் மனைவி இறந்த செய்தி வந்தபோது எங்கோ ஒரு நெடுஞ்சாலை ஓட்டலில், முன்பின் தெரியாத ஆட்கள் நடுவே, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். போனைக் காதில் வைத்தபடி, பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சுற்றி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து ஆள் நடுவே உட்கார்ந்தால் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மடத்துக்கு வந்த முதல் நாள் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சே அதுதான். “எனக்கு ஆள் நடுவுல சோறு எறங்காது.”

மனுஷன் தான் சொன்னதை மறந்துவிடுவான். தனக்குப் பிறர் செய்ததை மட்டும் மறக்கமாட்டான்.

“போங்க” என்றார் அம்மை.

மாசானத்துக்கு முகம் சுண்டிவிட்டது. இருங்க என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்றுதான் பையைக் கட்டியதே.

“போறதுக்கு முன்னால ஒண்ணு.”

அம்மை கீரைத் தண்டால் வெளியே காட்டினார். கொல்லையில் விறகுக் கொட்டகை. அதன் நிழலில் ஒரு சாம்பல் நிறப் பூனை. ஒரு காது கிழிந்திருந்தது.

அது யார் வீட்டுப் பூனையும் இல்லை. காட்டில் பிறந்து காட்டில் வளர்ந்தது. ஆள் நிழல் பட்டால் விறகுக்குள் பாய்ந்துவிடும். போன ஐப்பசியில் ஓடைத் தண்ணீர் கொட்டகைக்குள் புகுந்து, அது போட்டிருந்த குட்டிகளை அடித்துக்கொண்டு போனது. தாய் மட்டும் கூரை மூங்கிலில் ஏறி நின்று கத்திக்கொண்டே இருந்தது. மாசானத்தால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்.

“மறுபடியும் வயிறு தெரியுது, பாத்தீங்களா?” என்றார் அம்மை. “மழைக்கு முன்னால அது உள்ள வரணும். சாமான் அறையில இடம் இருக்கு. அது வந்து தங்கிட்டா நீங்க கெளம்பலாம்.”

“நான் கேட்டது ஞானம்மா. பூனையில்ல.”

அம்மை அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.


புரட்டாசி வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. பூனை பிடிப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்தார் மாசானம். பதினாறு டயர் லாரியை மலைப்பாதையில் ரிவர்ஸ் எடுத்தவர் அவர்.

சாமான் அறையில் ஒரு தட்டுப் பாலை வைத்தார். கதவைத் திறந்துபோட்டு, அதன் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பசித்த பூனை மோப்பம் பிடித்து உள்ளே வந்தது. பாலில் நாக்கை வைத்தது.

மாசானம் கதவைச் சாத்தினார்.

அப்புறம் நடந்தது ஒரு சின்னப் பிரளயம். பூனை சுவரில் ஏறியது. உறியில் தாவியது. அப்பள டின் உருண்டது, மிளகாய்ப்பொடி டப்பா கவிழ்ந்தது, எண்ணெய்ச் சட்டி உடைந்தது. பிடிக்கப் போன கையை முழங்கை வரை கிழித்துவிட்டு, ஜன்னல் கம்பி வழியாகப் போயே போய்விட்டது.

சங்கரபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். “வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டுதீரே, டிரைவரே! என் அப்பளமெல்லாம் போச்சே வே!”

அம்மை மஞ்சளைக் குழைத்து மாசானத்தின் கையில் பூசினார்.

“நல்லதுதானம்மா செஞ்சேன்” என்றார் மாசானம். வலியைவிட அவமானம் அதிகமாக எரிந்தது. “பால் வச்சேன். எடம் குடுத்தேன். அதுக்குப் போயி…”

“கதவை யார் சாத்துனது?”

“நான்தான்.”

“ம்” என்றார் அம்மை.




அதன்பிறகு பூனை கண்ணிலேயே படவில்லை. மாசானம் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூப்பிட்டுப் பார்த்தார். விறகை விலக்கிப் பார்த்தார். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. மேற்கே மலைமேல் மேகம் கூட ஆரம்பித்திருந்தது.

கடைசியில் மறுபடி அம்மையிடம்தான் போனார்.

“வழி தெரியலைம்மா. நீங்களே சொல்லுங்க.”

அம்மை எழுந்தார். அடுக்களைக்குப் போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் தயிர்ச்சோறு எடுத்துவந்தார். மடத்தில் மீனுக்கு எங்கே போக? கொட்டகை வாசலில் சிரட்டையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். சற்றுத் தள்ளி, கொட்டகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய ஆரம்பித்தார்.

மாசானம் காத்திருந்தார். வெகுநேரம் ஆயிற்று.

“நான் கேட்டதுக்குப் பதிலைக் காணோமே.”

“உங்களுக்குக் கீரை ஆயத் தெரியுமா, அண்ணாச்சி?”

மறுநாளிலிருந்து மாசானம் கீரை ஆய்ந்தார். அதே இடம், அதே நேரம், அதே முதுகு. முதலில் காக்கைதான் வந்தது. ஒருநாள் பின்னால் சிரட்டை லேசாக உரசுகிற சத்தம் கேட்டது. ஆசை தாங்காமல் திரும்பிப் பார்த்தார். சாம்பல் வால் விறகுக்குள் மறைந்தது.

“திரும்பினேன்மா. ஓடிட்டு.”

“ம்.”

அதற்குப் பிறகு திரும்பவில்லை. காதால் மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டார். சிரட்டை ஆடினால் வந்திருக்கிறது. சத்தம் நின்றால் தன்னைப் பார்க்கிறது. மறுபடி ஆடினால் பயம் கொஞ்சம் விட்டிருக்கிறது.

சிரட்டையை ஒரு சாண் முன்னால் நகர்த்தினார். அது வந்தது. சில நாள் கழித்து இன்னொரு சாண். அப்புறம் மேகத்தைப் பார்த்துப் பதறி, ஒரேயடியாகக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்தார். அன்று சோறு அப்படியே கிடந்து காய்ந்தது. மறுநாள் சிரட்டையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார்.

சங்கரபாண்டிக்கு வேறு கவலை. “அது உள்ள வந்து அரிசி மூடையில அசிங்கம் பண்ணாதுன்னு என்ன நிச்சயம்?”

மாசானம் யோசித்தார். கொட்டகைக்குப் பின்னால் பூனை வழக்கமாகத் தோண்டி மூடுகிற இடத்து மண்ணையே அள்ளி, ஓர் ஓட்டை அண்டாவில் நிரப்பி, சாமான் அறை மூலையில் வைத்தார். விறகுக்கு மேல் அது படுத்துக்கிடந்த பழைய சாக்கை உதறாமல் அப்படியே கொண்டுவந்து நெல் குதிருக்குப் பின்னால் விரித்தார். அதன் ரோமமும் வாடையும் அதிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

“யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?” என்றார் சங்கரபாண்டி.

“யாரும் சொல்லலை. புது எடத்துல தன்னோடது ஏதாவது ஒண்ணு கெடந்தா நல்லாருக்கும்லா?”

இந்த நாட்களில் அவர் பந்திக்கு வருவதே கடமைக்குத்தான். கிடக்கிற இலையில் உட்கார்ந்து, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, முறத்தைத் தேடி ஓடிவிடுவார். இலை எங்கே கிடந்தது, பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கிளம்புகிற பேச்சு மட்டும் இருந்தது. பையும் கட்டியபடியே ஆணியில் தொங்கியது.


ஐப்பசி பிறந்தது. சிரட்டை கிணற்றடியைத் தாண்டி, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, சாமான் அறைப் படிக்கு வந்திருந்தது.

ஒரு மத்தியானம் மலை இருண்டது. மழை சடசடவென்று இறங்கியது. மாசானம் சிரட்டையை எடுத்து வாசற்படிக்கு உள்ளே வைத்தார். கதவை அகலத் திறந்துவிட்டு, அறை நடுவில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

ஓடையின் சத்தம் கூடிக்கொண்டே போனது. கொட்டகைப் பக்கம் ஏதோ சரிந்து விழுந்தது. மாசானத்தின் கை கீரையில் இருந்தது. மனசு கூரை மூங்கிலில் இருந்தது. ஓடிப்போய் அதை அள்ளிக்கொண்டு வந்துவிடலாமா? மஞ்சள் பூசிய தழும்பைப் பார்த்தார். எழவில்லை.

சாரல் உள்ளே அடித்தது. முதுகு நனைந்தது.

சங்கரபாண்டி ஓடிவந்தார். “என்னவே, அரிசி பூரா நனையுது! கதவைச் சாத்தும்!”

“சாத்தாதீரும்!”

“அரிசி வே!”

“மூடையை நான் தூக்கி உள்ள போடுதேன். கதவைத் தொடாதீரும். உம்மைக் கும்பிடுதேன்.”

மாசானத்தின் குரல் உடைந்திருந்தது. சங்கரபாண்டி அவரையே பார்த்தார். பிறகு தானே மூடைகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

மழை நின்றபாடில்லை.

சிரட்டை ஆடியது.

மாசானம் மூச்சுவிடவும் பயந்தார். சிரட்டைச் சத்தம் நின்றது. ஈரக் கால்கள் தரையில் பதிந்து வருவது கேட்டது. அவரைச் சுற்றிக்கொண்டு போனது. குதிர் வரை போய், சாக்கை மோந்துவிட்டு, மறுபடி வாசலுக்கே ஓடியது. கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனது போலும்.

திறந்துதான் இருந்தது.

அது திரும்பி வந்தது. சாக்கு சரசரத்தது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஈரத்தை நக்கித் துடைக்கிற சத்தம்.

மாசானம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.


மழை வெறித்து வெயில் அடித்த நாளில், குதிருக்குப் பின்னாலிருந்து சன்னமாகக் குட்டிகளின் சத்தம் கேட்டது. மூன்று. தாய் வெளியே போனது. வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது. மாசானத்தின் கால் பக்கமாகத்தான் போய்வந்தது. அவரை ஒரு தூண் மாதிரி உரசிக்கொண்டும் போனது.

மாசானம் குளித்தார். வேட்டியை மாற்றினார். ஆணியிலிருந்து பையை எடுத்தார்.

அம்மை கூடத்தில் இருந்தார். பந்தி நேரம். ஓடை கரை புரண்டதில் கீழ்த்தெருக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு மடத்துக்கு வந்திருந்தார்கள். கூடம் கொள்ளாத கூட்டம்.

“அது உள்ள வந்துட்டும்மா. தங்கிட்டு. நான் கெளம்புதேன்.”

“சாப்பிட்டுட்டுப் போங்க.”

மாசானம் தூணுக்கு அந்தப்புறம் போனார். அங்கே இலை இல்லை.

தூணுக்கு இந்தப்புறம் பார்த்தார். அங்கேயும் இல்லை. பரிமாறிக்கொண்டிருந்த சங்கரபாண்டி கரண்டியால் காட்டினார்.

கூடத்தின் நடுவில் ஓர் இலை ஆளில்லாமல் கிடந்தது. இந்தப்பக்கம் ஒரு கிழவர். அந்தப்பக்கம் ஒரு பெண்ணும் அவள் பிள்ளைகளும். இலையில் சோறு விழுந்து ஆவி பறந்தது.

“இதுவா? எப்போலேருந்து?”

“நாலஞ்சு நாளா அங்கதானே வே உக்காந்து திங்கீரு” என்றார் சங்கரபாண்டி.

மாசானம் திரும்பி வாசலைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது. முற்றத்துக்கு அப்பால், வெளி வாசலில், புங்கமரம் தெரிந்தது.

முதல் நாள் இலை அங்கேதான் கிடந்தது. மரத்தடியில், தனியாக. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. பிறகு எப்போதோ அது முற்றத்துக்கு வந்தது. பிறகு கூடத்துப் படிக்கு. ஒருநாள் திடீரென்று கூடத்துக்குள்ளேயே கிடந்தது. அன்று அவர் ஒரு வாய்கூட உண்ணாமல் இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். மறுநாள் இலை மறுபடி படியில் கிடந்தது. அப்புறம் தூணுக்கு அந்தப்புறம்.

அத்தனை நாளும் அவர் சாப்பிடும்போது அம்மை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் அம்மையின் முதுகைத்தான்.

இப்போதும் அந்த முதுகுதான் தெரிந்தது. அம்மை சுவரைப் பார்த்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா…”

அம்மை திரும்பவில்லை.

“என் இலை…”

“சோறு ஆறுது, அண்ணாச்சி.”

மாசானம் பையைத் தூணோரம் இறக்கிவைத்தார். கிழவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தார். பிசைந்தார்.

சற்று நேரம் கழித்து, கையை உயர்த்திச் சங்கரபாண்டியிடம் மறுசோறு கேட்டார்.