சேர்மன் மூக்கில் துரு

சேர்மன் கோட்டைச்சாமி தினமும் காரைக் கடலோரம் நிறுத்திப் பவுசு காட்டுவார். உப்புக்காற்றில் கதவு துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும், பழி மட்டும் கார் கழுவுகிற மாரிக்கனி தலையில் விழுந்தது.

"நாளைக்கு ஓட்டுக் கேட்டுப் போறேன். துரு வெளிய தெரிஞ்சுதோ, நீ வேலைக்கு வராதே!"

மாரிக்கனி அவருடைய முகம் போட்ட தேர்தல் போஸ்டரைக் கதவு ஓட்டையின் மேல் பசை தடவி ஒட்டிவிட்டாள். சேர்மனுக்கு ஒரே பூரிப்பு. மறுநாள் பசை ஈரத்தில் துரு ஊறி, போஸ்டரில் அவர் மூக்கு செம்பழுப்பாகிவிட்டது. ஊரே சிரித்தது.

"ஏட்டி, இதைக் கிழிச்செறி!"

"உங்க மூஞ்சியைக் கிழிக்க நான் யாரு அண்ணாச்சி?"

ஆத்திரத்தில் அவரே கிழித்தார். ஓட்டை வழியே உள்ளே கார் சீட்டு தெரிந்தது.

"நான் மறைச்சேன், நீங்க காட்டிட்டீங்க. இப்ப யாரு அண்ணாச்சி வேலைக்கு வரக்கூடாது?"