பித்தளைச் சொப்பு

"மூணு வருசமா கேட்டுக்கு வெளியவே நிக்கேன் டீச்சரம்மா," என்றார் மாசிலாமணி.

"ஆமா, நிக்கீங்க."

"ஒரு பிள்ளை முகத்தக்கூடப் பார்த்ததில்ல."

"இல்ல."

"இந்தத் தீபாவளிக்காவது என் கையால ஒரு பிள்ளைக்குக் குடுக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும்."

டீச்சர் அவர் கொண்டுவந்த மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார். பெரிய கேட்டில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு இருந்தது. அதில் டீச்சர் நின்றுகொண்டால் உள்ளே ஒன்றும் தெரியாது. எப்போதும் அப்படித்தான் நிற்பார்.

அந்த வீடு எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று சொல்லக் கூடாது. அன்றைக்கும் சொல்லக் கூடாது, இன்றைக்கும் கூடாது. புருஷனிடம் அடிபட்டு, கட்டிய சேலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிற வீடு. வாசலில் பலகை கிடையாது. தையல் வகுப்பு நடக்கிறது என்று அக்கம்பக்கத்தில் நினைத்திருந்தார்கள். டீச்சர் முன்பு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவர்தான். நாற்பது வயதுகூட இருக்காது.

மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. பாத்திரக் கடை வைத்திருந்தார். பழைய பாத்திரம் இருந்தால் கொடுங்கள் என்று டீச்சர் ஒருநாள் கடையேறி வந்து கேட்டார். இவர் புதுப் பாத்திரங்களையே ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். அன்றுமுதல் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, கேட்டுக்கு வெளியே கிடந்த கல்லில் உட்காருவார். ஏதாவது கேட்பார். டீச்சர் சின்னக் கதவில் நின்று பதில் சொல்வார்.

"உங்களத்தான் என் குருவா வச்சிருக்கேன்," என்றார் ஒருநாள்.

"எனக்குச் சீடன்னு யாரும் கிடையாது அண்ணாச்சி. இந்தக் கேட்டுதான் இருக்கு."

இன்னொரு நாள் கேட்டார்:

"பாவம் எப்படிப் போகும் டீச்சரம்மா?"

"யார் செஞ்ச பாவம்?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா எனக்குத் தெரியாது."

அவர் டீச்சரிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. தன் மனைவி கனகவல்லியை அவர் இருபத்தாறு வருஷம் அடித்திருந்தார். குழம்பில் உப்புக் கூடியதற்கு அடித்தார். கடையில் வியாபாரம் இல்லாததற்கு அடித்தார். சில நாள் எதற்கென்றே தெரியாது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் அதை அடி என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

கடைசியில் அவள் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். அவர் தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். பக்கத்துக் கட்டில்காரியின் மகள் கொடுத்தால் குடிப்பாள். பதினோரு நாளும் அப்படித்தான். பன்னிரண்டாம் நாள் காலையில் குடிக்க அவள் இல்லை.

அதன்பிறகு அவருக்கு ஒரே நினைப்புதான். இந்தக் கையிலிருந்து யாராவது ஒருவர் மனசோடு எதையாவது வாங்கிக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் வேண்டாம். ஒரு பிள்ளை வாங்கினால் போதும்.

முதல் வருஷத் தீபாவளிக்கு, உள்ளே இருந்த பிள்ளைகளுக்கென்று இருபத்து மூன்று எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோனார். ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருந்தது. 'கனகவல்லி நினைவாக. மாசிலாமணி பாத்திரக் கடை.' கீழே ஊர்.

டீச்சர் ஒரு டம்ளரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பேர எடுத்துட்டுக் கொண்டாங்க."

"செத்துப்போனவ பேரு டீச்சரம்மா. அது யாரை என்ன செய்யப் போகுது?"

"இங்க இருந்து ஒருத்தி வேற ஊருக்குப் பிழைக்கப் போவா. பிள்ளை இந்த டம்ளர விடாது, கூடவே கொண்டுபோகும். என்னைக்காவது அவ புருஷன் கையில அது கிடைக்கும். இத்தன நாளா அவ எந்த ஊர்ல ஒளிஞ்சிருந்தான்னு படிச்சிருவான். அடுத்த வாரம் இந்தக் கேட்டத் தட்டுவான். அப்போ உள்ள வேற பத்துப் பேர் இருப்பாங்க."

மாசிலாமணி உப்புத்தாள் வாங்கி வந்து அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து தேய்த்தார். மூன்று நாள் ஆனது. முதலில் கடை போனது, ஊர் போனது, பிறகு கனகவல்லி போனாள். பத்தாவது டம்ளரில் அவருக்கு ஒன்று தெரிந்தது. கனகவல்லி என்ற எழுத்து வரும்போது கை தானாக வேகம் எடுக்கிறது. அழிவதைப் பார்க்க நன்றாக இருக்கிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி எடுத்துத் தேய்த்தார்.

இரண்டாம் வருஷம் பாவாடை சட்டை, டவுசர், பொம்மைகள் என்று மூன்று மூட்டை. ஒரு மூட்டையிலும் பேர் இல்லை.

"பிள்ளைகளுக்கு எப்படிக் குடுப்பீங்க?"

"நான் குடுக்க மாட்டேன். எல்லாத்தையும் ஒரு ரூம்ல பரப்பி வைப்பேன். அம்மாமார் ஒவ்வொருத்தரா வந்து தன் பிள்ளைக்குப் பிடிச்சத எடுப்பாங்க. பேப்பர்ல சுத்தி அவங்களே குடுப்பாங்க."

"யாரு வாங்குனதுன்னு பிள்ள கேட்டா?"

"அம்மா வாங்கினேன்னு சொல்வாங்க."

"அது பொய்யில்லையா டீச்சரம்மா?"

"அவங்க கையில பிள்ளைக்குக் குடுக்க வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

அன்றைக்கு அவர் எழுந்து போய்விட்டார். ஒரு வருஷம் பொறுத்திருந்தார். இப்போது மூன்றாம் வருஷம் கேட்டே விட்டார்.

டீச்சர் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"உள்ள கேட்டுச் சொல்றேன்."

"நீங்க சொன்னா மாட்டேன்னா சொல்லப் போறாங்க?"

"சொல்லுவாங்க. அதுக்குத்தான கேக்கறது."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பதினோரு அம்மாமாரில் பத்துப் பேர் வேண்டாம் என்றார்கள். ஒருத்தி மட்டும், வரட்டும், நான் பக்கத்தில் இருப்பேன் என்றாள்.

"அந்த அம்மா ஏன் சரின்னாங்க?"

"நான் கேக்கல."

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, மழை தூறிக்கொண்டிருக்கும்போது, மாசிலாமணி முதல்முறையாக அந்தச் சின்னக் கதவுக்குள் குனிந்தார்.

"பிள்ளையத் தொடக் கூடாது," என்றார் டீச்சர். "சிரி, பேசுன்னு சொல்லக் கூடாது. எந்திரிச்சுப் போனா போகட்டும்."

"வாங்கலைன்னா?"

"வாங்கலைன்னா வாங்கல."

முன்னறையில் ஒரு தையல் மிஷினும் இரண்டு நாற்காலியும் இருந்தன. உள்வாசலில் திரை தொங்கியது. டீச்சர் மிஷினில் உட்கார்ந்து ஒரு சின்னப் பாவாடைக்கு ஓரம் அடிக்க ஆரம்பித்தார். தெருவில் எங்கோ வெடி வெடித்தது. திரைக்குப் பின்னால் பேச்சு நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கியது.

திரையை விலக்கிக்கொண்டு பேச்சித்தாய் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மாவுக்கட்டு பிரித்த இடது கை மற்றக் கையைவிட மெலிந்திருந்தது. பின்னால் அவள் மகள் இசக்கி. ஏழு வயது.

மாசிலாமணி கொண்டுவந்த பெட்டியை நீட்டினார்.

இசக்கி வாங்கிக்கொண்டாள்.

அவள் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். பித்தளைச் சொப்பு. அடுப்பு, பானை, இட்லிக் கொப்பரை, கரண்டி, எல்லாம் கட்டைவிரல் உயரம். அவரே புளி போட்டுத் துலக்கியிருந்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். அடுப்பின் மேல் பானையை ஏற்றினாள். கரண்டியால் கிண்டினாள்.

மாசிலாமணி தன் கையைப் பார்த்துக்கொண்டார். இது போதும் என்று தோன்றியது.

அப்போது இசக்கி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அம்மாவிடம் போனாள். அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். ஜாக்கெட் கையை மேலே சுருட்டிப் பார்த்தாள். மறு கையையும் பார்த்தாள். பேச்சித்தாய் பழகினவள் மாதிரி கையை நீட்டிக் கொடுத்தாள்.

"புதுசா ஒண்ணும் இல்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இசக்கி திரும்பி வந்து, அவர் முன்னால் நின்றாள்.

"யாரைத் தாத்தா அடிச்சீய?"

மிஷின் நின்றது.

மாசிலாமணி டீச்சர் பக்கம் திரும்பினார். டீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏம்மா அப்படிக் கேக்க?"

"எங்கப்பா அடிச்ச மறுநாள்தான வாங்கிட்டு வருவாவ. அம்மைய அடிச்சா அம்மைக்கு. என்னைய அடிச்சா எனக்கு. நீங்க என்னைய அடிக்கலியே."

அவருக்கு ஞாபகம் வந்தது. அல்வா. மல்லிகைப்பூ. ஒரு தடவை தோடு. கனகவல்லி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டதால் சரியாகிவிட்டது என்று அவர் நிம்மதியாகத் தூங்கியிருந்தார்.

யாரையும் அடிக்கலம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளை அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என் வீட்டுக்காரிய," என்றார்.



இசக்கி ஆச்சரியப்படவில்லை.

"அப்ப இது அவியளுக்குல்லா," என்றாள்.

குனிந்து சொப்புகளைப் பொறுக்கினாள். பானையை அடுப்பிலிருந்து இறக்கிப் பெட்டியில் வைத்தாள். அடுப்பை வைத்தாள். கொப்பரையை வைத்தாள். கரண்டியை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு அதையும் வைத்து, மூடி, பெட்டியை அவர் மடியில் வைத்தாள்.

"கொண்டுபோய்க் குடுங்க. அவிய பார்த்துட்டு இருப்பாவ."

"அவ இல்லம்மா. செத்துப் போயிட்டா."

இசக்கி யோசித்தாள். இது அவளுக்குத் தெரியாத விஷயம். அம்மா பக்கம் திரும்பினாள்.

"யம்மா, செத்துப் போனா யாருக்குக் குடுப்பாவ?"

பேச்சித்தாய் சுருட்டியிருந்த ஜாக்கெட் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"யாருக்கும் இல்லட்டி," என்றாள்.