ஜொள்ளு விட்ட சிங்கம்

ரொம்ப காலத்துக்கு முன்னால், ஐப்பசி பிறந்தால் மழை விடவே விடாத கொங்காரை நாட்டைக் கேசரிவேந்தர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், மதியம் அதையே மறந்துபோவார். ஆனால் சுற்றியிருப்பவர்கள் மறக்கமாட்டார்கள். வம்பே அதில்தான்.

அரண்மனைக்குப் பின்னால் ராஜாவின் பல்லக்குக் கொட்டகை. அகலமான இடம் என்பதால் அடுத்தடுத்து இரண்டு ஓட்டுக் கூரைகள். இரண்டும் சேரும் இடத்தில் மழைத்தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். வாய்க்காலின் கோடியில் தண்ணீரை வெளியே கொட்ட, வாயைத் திறந்த கல் சிங்கம். சிங்கம் ராஜமுத்திரை. அதை யாரும் கையால் தொடக்கூடாது.

பல்லக்கைத் துடைத்துப் பாதுகாப்பவள் மரிக்கொழுந்து. புருஷன் எல்லைக்குப் போன படையில் இருந்தான். அவளும் ஆறு மாதப் பெண் குழந்தையும் கொட்டகை மூலையில் இருந்தார்கள். நடு உத்தரத்தில் தூளி கட்டியிருந்தாள்.

அந்த வருஷம் முதல் மழைக்கே கொட்டகை ஒழுகியது. பல்லக்கின் பட்டு நனைந்தது. தூளியும் நனைந்தது. குழந்தைக்கு இருமல் கண்டது.

"யார் செய்த வேலை இது?" என்று சபையில் ராஜா கர்ஜித்தார்.

கட்டடங்களைக் கவனிக்கும் விருதுராயர் முன்னால் வந்தார். அந்த மூலையைத் தன் மச்சானின் சண்டைச் சேவல்களுக்கு வாங்கித்தர வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை; ராஜாவிடமும் கேட்டிருந்தார்.

"மகாராஜா, கூரையில் குற்றமில்லை. இவள்தான் உத்தரத்தில் தூளி கட்டி, ஆட்டு ஆட்டென்று ஆட்டி, ஓடுகளையெல்லாம் அசைத்துவிட்டாள்!"

கேட்டீர்களா நியாயத்தை! ஆறு மாதக் குழந்தை என்ன எடை இருக்கும்? அந்த உத்தரத்தை ஏற்றி வைக்கவே யானை தேவைப்பட்டதாம். சபையில் ஒருவராவது சிரித்திருக்க வேண்டாமா? எல்லோரும் தாடியைத் தடவிக்கொண்டு, "இருக்கும், இருக்கும்" என்றார்கள்.

"அப்படியானால் நாளைக்கே இவள் கோட்டையை விட்டுப் போகட்டும்" என்றார் ராஜா.

அடைமழையில், இருமும் குழந்தையோடு, எங்கே போவது? மரிக்கொழுந்து முன்னால் வந்தாள்.

"போகிறேன் மகாராஜா. ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்போதே தூளியைக் கழற்றிவிடுகிறேன். இனிமேல் கூரை ஒழுகாது என்று ராயர் ஐயா சொல்வாரா?"

"ஒரு சொட்டு விழாது!"

"அப்படியானால் தூளி தொங்கிய இடத்தில் ஐயா உட்காரட்டும். நான் மேலே தண்ணீர் ஊற்றுகிறேன்."

"உட்காருகிறேனே! புதுத் தலைப்பாகையோடு உட்காருகிறேன்!"

மறுநாள் காலை சபையே கொட்டகைக்கு வந்துவிட்டது. நல்லவேளையாக மழை விட்டிருந்தது. தூளியைக் கழற்றிய இடத்தில் ராயர் புதுத் தலைப்பாகையோடு உட்கார்ந்தார். மரிக்கொழுந்து ஏணியை நிமிர்த்தினாள். இடுப்பில் குழந்தை. சுற்றிப் பார்த்தாள். ராயர் ஆட்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"மகாராஜா, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று குழந்தையை ராஜாவிடமே கொடுத்துவிட்டு ஏறினாள்.

சபைக்கு மூச்சே நின்றுவிட்டது. குழந்தை ராஜாவின் மீசையைப் பிடித்துக்கொண்டது.

வெளிப்பக்க ஓடுகளில் ஒரு குடம் ஊற்றினாள். சொட்டில்லை.

"பார்த்தீர்களா! தூளி போச்சு, ஒழுகலும் போச்சு!" என்றார் ராயர்.

முகட்டில் ஒரு குடம். சொட்டில்லை.

"அடியே, மூட்டையைக் கட்டு!"

"கட்டலாம் ஐயா. மழை நின்று ஒரு நாழிகை ஆன பிறகும் இங்கே சொட்டிக்கொண்டேதான் இருந்தது. ஓடு உடைந்திருந்தால் மழையோடு நின்றிருக்கும். எங்கேயோ தண்ணீர் தேங்குகிறது." சொல்லிக்கொண்டே மஞ்சள் கரைத்த தண்ணீரை நடு வாய்க்காலில் குடம் குடமாகக் கவிழ்த்தாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். ராயர் கொட்டாவி விட்டார். டொப். புதுத் தலைப்பாகையில் மஞ்சளாக ஒரு சொட்டு. டொப், டொப். மூக்கு வழியாக மஞ்சள் இறங்கியது.

"சிங்கத்தைப் பாருங்கள் மகாராஜா. இவ்வளவு ஊற்றியும் அதன் வாயிலிருந்து ஒரு துளி வரவில்லையே?"

ராஜா வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். சிங்கத்தின் வாய் நிறையச் சுண்ணாம்புக் காரை!

"என் சிங்கத்தின் வாயை அடைத்தது யார்?"

மஞ்சள் முகத்தோடு ராயர் கும்பிட்டார். "தாங்கள்தானே மகாராஜா... போன வருஷம் மழையில், 'என் சிங்கம் என்ன இப்படி ஜொள்ளு விடுகிறது?' என்றீர்களே. அரச சின்னத்துக்கு அவமானமாயிற்றே என்று நான்தான்..."

ராஜாவுக்கு மறந்தே போயிருந்தது.

மரிக்கொழுந்து ஏணியிலிருந்து இறங்கினாள். அதுவரை அடக்கி வைத்த கோபம் அப்போதுதான் வெளியே வந்தது.

"நீங்கள் விளையாட்டாகச் சொன்னீர்கள். இவர் உங்கள் மனசைக் குளிரவைக்க அடைத்தார். போக வழியில்லாத தண்ணீர் உத்தரத்தில் இறங்கி, என் பிள்ளையின் நெஞ்சில் விழுந்தது. பழியும் அவள் தூளிமேலா? அவள் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள், மகாராஜா!"

ராஜா தொட்டார். சுட்டது. அவர் முகத்தில் இருந்த ராஜ மிடுக்கை எல்லாம் அந்தச் சூடு இறக்கிவிட்டது. "வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஓடுங்கள்!" என்று கத்தினார்.

பிறகு ராயர் பக்கம் திரும்பினார். "ஏணி அங்கே இருக்கிறது. காரையை உம் கையாலேயே கொத்தி எடும். இந்த மழைக்காலம் முடியும்வரை இதே உத்தரத்துக்குக் கீழே படுத்துக்கொள்ளும். உம் மச்சானின் சேவல்களும் உம்மோடு இருக்கட்டும்." மரிக்கொழுந்துக்கு அரண்மனைக்குள் ஈரமில்லாத அறை கிடைத்தது. ராஜ்யத்துக் கூரைகள் எல்லாவற்றுக்கும் அவள்தான் அதிகாரி என்று தண்டோரா போட்டார்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று ராஜா அந்த அறைக்கு வந்தார். உத்தரத்தில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்து, தூளியைப் பலமாக ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, சட்டென்று கூரையை அண்ணாந்து பார்த்தார்.

ஓர் ஓடுகூட அசையவில்லை. வெளியே மழையில் சிங்கம் தாராளமாக ஜொள்ளு விட்டுக்கொண்டிருந்தது.