கூண்டு ஏறிய அன்று

கடல்மேல் ஊர் ஊராய்த் திரிந்து, ஒரு பாய்ப்படகையே மடமாக்கிக் கொண்டவள் பிரகாசியம்மை. காலையில் ஜெபம், மாலையில் ஜெபம், நடுவில் காற்று எங்கே கூட்டிப் போகிறதோ அங்கே. அவளுக்கு ஒரே ஒரு சீடர், சந்தியாகு. வயதில் குருவைவிட மூத்தவர். நரைத்திருந்ததும் அவர் தலைதான்.

அன்று படகு கடலை ஒட்டிய ஒரு காயலில் நங்கூரம் போட்டு நின்றது. ஆடை கட்டின பால் மாதிரி தண்ணீர் அசையாமல் கிடந்தது. வானம் மஞ்சளாகி, அந்த மஞ்சள் தண்ணீரிலும் இறங்கி, படகு எதில் மிதக்கிறது என்றே தெரியவில்லை. கொக்குகள் சத்தமில்லாமல் கரைக்கு உள்ளே, தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தன.

"துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்க!" என்று தோணியில் போன ஒருவர் கூவிவிட்டுப் போனார்.

சந்தியாகு கரைப்பக்கமே திரும்பவில்லை. தென்னைகளுக்கு நடுவே தெரிந்த ஓட்டு வீடு அவர் மகள் சலேத்தின் வீடு. மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று, "இனி என் முகத்துல முழிக்காத" என்று சொல்லிவிட்டுக் கடலுக்கு வந்தவர் அவர். அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

"பாயைச் சுருட்டிக் கட்டிட்டேன், தாயே."

"கழற்றியே எடுத்திருங்க அண்ணே. சுருட்டி வச்சாலும் காத்து விரலை விட்டுப் பிரிச்சிரும்."

பாயைக் கழற்றி உள்ளே வைத்தார்கள். வாளி, அடுப்பு, கொடியில் கிடந்த துணி எல்லாம் உள்ளே போயிற்று. வேளாங்கண்ணியில் மொட்டை போட்ட பிள்ளைபோல் படகு வெறுமனே நின்றது.

பிரகாசியம்மை நங்கூரக் கயிற்றைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி இழுத்துக் கட்டியிருக்கீங்க?"

"அசையக் கூடாதுல்ல?"

"அலை வந்தா படகு எழும்ப வேண்டாமா? கயிறு குட்டையா இருந்தா நங்கூரத்தையே பிடுங்கிட்டுப் போயிரும். விடுங்க."

விட்டார்.

"இன்னும்."

"கைய விட்டுப் போயிருமே தாயே!"

"இன்னும் விடுங்க அண்ணே."

கயிறு மஞ்சள் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. படகு மெல்லப் பின்வாங்கி, தூக்கத்தில் புரள்வதுபோல் ஒருதரம் திரும்பி, நங்கூரத்தை விட்டுத் தள்ளிப் போய் நின்றது. கயிற்றின் கடைசி முனையைச் சந்தியாகு இரண்டு முடிச்சாய்க் கட்டினார்.

"வரப்போற காத்துக்கு இது அறுந்துராதா?"

"காத்து கயிற்றை அறுக்காது." அவர் கையைப் பிடித்து, கயிறு படகை விட்டு வெளியே இறங்கும் இடத்தில் வைத்தாள். "தொட்டுப் பாருங்க."

அந்த இடத்தில் மட்டும் நூல் நூலாய்ப் பிரிந்திருந்தது.

"நம்ம படகு விளிம்புதான் உரசி உரசி அறுத்துப்போடும்."

பழைய சேலையையும் சாக்கையும் எடுத்து வந்து, அந்த இடத்தில் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது உதட்டில் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. சந்தியாகு தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து, படகின் பின்னால் கட்டியிருந்த சிறு வள்ளத்தைக் காட்டினாள். "வள்ளத்துல இறங்குங்க. கரைக்குப் போவோம்."

"நீங்க போங்க, தாயே. படகுக்கு ஒரு ஆள் வேண்டாமா? நான் இருக்கேன்."

"இருந்து?"

"கயிற்றைப் பிடிச்சுக்குவேன்."

"நங்கூரத்துக்குக் கைத்துணையாவா?" சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "படகு போனா வேற படகு கட்டலாம். உங்கள நான் எங்க போய்த் தேடுவேன்?"

"இந்தக் கரையில ஒதுங்கிறதுக்கு அந்த ஒரு வீடுதான் இருக்கு."

"ஆமா."

"அவ கதவைத் திறக்காட்டா?"

பிரகாசியம்மை வள்ளத்தில் இறங்கி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீரின் அந்தக் கோடியிலிருந்து முதல் காற்று வந்தது. பின்னாலேயே மழை வந்தது. படகின் தலை தூக்கி இறங்கியது. கயிறு விறைத்து, மறுபடி தொய்ந்தது.

சந்தியாகு விளிம்பைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு வள்ளத்தில் இறங்கினார்.

பாதி தூரம் வந்ததும் திரும்பிப் பார்த்தார். ஆளில்லாத படகு மழைக்குள் குனிவதும் நிமிர்வதுமாய் இருந்தது. யாரோ முழங்காலிட்டு ஜெபிப்பதுபோல் தோன்றியது. கரையில், ஓட்டு வீட்டு வாசலில், முந்தானையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஒருத்தி நின்றாள். அவள் உள்ளே போகவில்லை.

அவர் குருவின் பக்கம் திரும்பினார்.

"தாயே, இத்தனை நாளைக்கு அப்புறம் போய் நிக்கப் போறேன். முதல்ல என்ன சொல்லணும்? என்னை மன்னிச்சிருன்னா? இல்ல, நான் உன்னை மன்னிச்சிட்டேன்னா?"

குரு துடுப்பை ஒருதரம் வலித்தாள்.

"தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, அண்ணே. துவட்ட ஒரு துண்டு கேளுங்க."