திவானுக்கு இலை இல்லை

மாவலூர் சமஸ்தானத்துத் திவான் மார்க்கசகாயத்துக்கு, கணக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. பூஜைப் பலகாரம் வேலையாட்களுக்கு என்பது அரண்மனை வழக்கம். அதில் அவர் ஒரு சட்டத்தைச் செருகினார்: எதையும் உடைக்கக் கூடாது, பந்தியில் உட்காரும் எல்லோருக்கும் சமமாகப் போகவேண்டும், ஒன்றும் மிஞ்சக் கூடாது. முடியாவிட்டால் பூராவும் திவான் வீட்டுக்கு! எவ்வளவு தாராள மனசு!

அந்த வருஷம் ராஜாவுக்கு முன்னால் தொண்ணூற்றொரு அதிரசமும் அறுபத்தைந்து லட்டும் வந்தன.

"இரண்டையும் வகுக்கிற பொது எண்ணே கிடையாது. என் பல்லக்கில் ஏற்றுங்கள்" என்றார் திவான்.

"கொஞ்சம் பொறுங்க எஜமான்," என்றாள் பாத்திரம் தேய்க்கும் செங்கமலம். லட்டுக்கு ஒன்றாக அதிரசத்தை ஒதுக்கினாள். இருபத்தாறு அதிரசம் மிஞ்சியது.

"ரெண்டும் சமமாப் பிரியும்னா இந்த மிச்சமும் பிரியணும்."

லட்டிலிருந்து இருபத்தாறை இரண்டு தடவை எடுத்தாள், பதின்மூன்று மிஞ்சியது. இருபத்தாறில் பதின்மூன்று இரண்டு தடவை கச்சிதமாக அடங்கியது.

"அதிகபட்சம் பதிமூணு பேரு. ஆளுக்கு ஏழு அதிரசம், அஞ்சு லட்டு."

ராஜா தலையாட்டினார். பதின்மூன்று இலை விழுந்தது. செங்கமலத்தையும் சேர்த்து மடைப்பள்ளி ஆட்கள் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். மீதி இலைகளுக்குத் திவானின் பல்லக்குத் தூக்கிகள் நால்வரையும் கூப்பிட்டாள் செங்கமலம்.

நெய் வாசனையில் திவானுக்கு நாக்கு ஊறியது. "எனக்கும் ஒரு இலை போடு."

"பதினாலு பேருக்குப் பிரியாதுங்களே எஜமான்! நீங்க போட்ட சட்டத்தை நான் மீறலாமா?"

தூக்க ஆளில்லாமல், திவான் வீட்டுக்கு நடந்தே போனார்.