மூன்று விசிறி கார்டும் சூசையம்மாளின் கடலும்

ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடி அறையில், ஜுலைகா கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்துவந்தார். விரும்பி வருகிறவர்களுக்குத் தொழிலும் சொல்லிக்கொடுப்பார்.

அவருடைய சீடர் வேலாயுதம், ராணுவத்தில் ரேடியோ பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மிகவும் மூத்தவர். குரு அவரை அண்ணே என்பார். அவர் குருவை டீச்சர் என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

ஒருநாள் வேலாயுதம் கேட்டார்.

"டீச்சர், காசு அளவாத்தான் இருக்குன்னு வச்சுக்குங்க. கிராபிக்ஸ் கார்டுல கூடப் போடணுமா, மானிட்டர்ல கூடப் போடணுமா?"

"யாருக்கு?"

"பொதுவாக் கேக்குறேன்."

"பொதுவா ஒருத்தர் வரட்டும். அப்பச் சொல்றேன்" என்றார் ஜுலைகா.

வந்தவர் சூசையம்மாள். பாம்பன் பக்கத்துக் கடலில் மூச்சைப் பிடித்து முங்கிப் பாசி எடுத்தவர். சிறுமியாக இருந்தபோதே தொடங்கிய வேலை. நெஞ்சில் கோளாறு வந்ததும் டாக்டர் இனிமேல் முங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று மழைக்காலமாக அவர் கரையில்தான் இருக்கிறார்.

இப்போது ஓர் ஆராய்ச்சி மையம் அவருக்கு வேலை கொடுக்க முன்வந்திருந்தது. கடலடியில் எடுத்த வீடியோக்களை வீட்டிலிருந்தே பார்த்து, எது பாசி, எது பவளம், எந்த மீன் எங்கே ஒதுங்குகிறது என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அவர்களே பணம் கொடுத்திருந்தார்கள். கார்டில் கூட்டினால் மானிட்டரில் குறையும், அவ்வளவுதான் பணம்.

"நீங்களே பாகமெல்லாம் தேர்ந்தெடுங்கண்ணே" என்றார் ஜுலைகா.

வேலாயுதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊரில் யாரும் வாங்காத மூன்று விசிறி கார்டு ஒன்றைத் தருவித்தார். செங்கல் கனம் இருந்தது. அதைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அவர் முகத்தில் பேரப்பிள்ளையைத் தூக்கும் பூரிப்பு. மிச்சமிருந்த பணத்துக்கு ஒரு மானிட்டர் வாங்கினார். மானிட்டர் என்பது மிச்சப் பணத்துக்கு வாங்குவது என்றுதான் அவர் நினைத்திருந்தார். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஜுலைகா பார்த்தார். அப்படியே மாட்டச் சொன்னார்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் பெட்டியான கேபினெட்டை மூடித் திருகாணி போடுவதற்கு முன்னால், வாங்குகிறவர் வந்து எதிரே உட்கார வேண்டும். கடைகளில் ஓட்டிக் காட்டும் பளபளா படம் இங்கே ஓடாது. அவர் எதற்காக வாங்குகிறாரோ அதுதான் ஓடும்.

சூசையம்மாள் வந்து உட்கார்ந்தார். மையம் கொடுத்திருந்த வீடியோவை வேலாயுதம் ஓடவிட்டார். கார்டின் விசிறிகள் சுழன்றன. படம் தடங்கலே இல்லாமல் ஓடியது.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு சார். டிவி மாதிரி இருக்கு."

வேலாயுதம் பெருமையோடு குருவைப் பார்த்தார். குரு சூசையம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு கருந்திட்டு வந்தது.

"இது என்னம்மா?" என்று ஜுலைகா கேட்டார்.

சூசையம்மாள் முன்னால் குனிந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பாறையா இருக்கும். இல்ல, பாசியோ? தெரியலம்மா."

பிறகு மெதுவாக எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"சார், இந்த வேலை எனக்கு ஒத்து வராது போல. முங்காம இருந்து இருந்து கடலையே மறந்துட்டேன். அவங்ககிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லிடுறேன்."

வேலாயுதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு எது போனாலும் பரவாயில்லை, இந்த அம்மாவுக்கு மிச்சமிருந்த கடலும் இப்போது தன் கண்முன்னால் கைவிட்டுப் போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஏன் போகிறது என்றுதான் தெரியவில்லை.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்மா, உக்காருங்க" என்றார் ஜுலைகா.

டீ வருவதற்குள் அவர் மூன்று விசிறி கார்டைக் கழற்றி, அதன் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். உள்ளங்கை அகலத்தில், ஒற்றை விசிறியோடு இருந்த சாதாரண கார்டு ஒன்றை மாட்டினார். அலமாரியிலிருந்து வேறொரு மானிட்டரை எடுத்து வந்தார். நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் வகை அது.

"டீச்சர், இந்தக் கார்டு..." என்று வேலாயுதம் இழுத்தார்.

"வீடியோ ஓட்ட இது போதும்ணே."

அதே வீடியோ. அதே இடம். சூசையம்மாளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜுலைகா பில் புத்தகத்தைத் திறந்தார்.

வேலாயுதம் முதுகுளத்தூர்க்காரர். செம்மண் பூமி. கடலைக் கரையில் நின்று பார்த்திருக்கிறார், அதற்குள் என்ன இருக்கிறது என்று யோசித்ததுகூட இல்லை. இப்போது பார்த்தார். நீலம் என்று ஒரு நிறம் இல்லை, ஆயிரம் இருந்தன. மேலிருந்து வெயில் கீற்றுக் கீற்றாக இறங்கி மணலில் ஆடியது. பவளக் கிளைகளின் நுனி வெளிர் ஊதாவாக இருந்தது. பாசி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது.

கருந்திட்டு வந்தது. அது கருப்பே இல்லை. பழுப்பு, அதற்குள் செம்பு, அதற்குள் பச்சை. திடீரென்று அதன் மேல் வரிவரியாக நிறம் ஓடியது. பாறை என்று நினைத்தது கண்ணைத் திறந்தது.

வேலாயுதத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாளும் இது இங்கேயே, பஸ் போகிற தூரத்தில் இருந்திருக்கிறது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. எதைக் கும்பிடுவது என்று தெரியாமல் கைகளைக் கட்டிக்கொண்டார்.

அறையில் விசிறிச் சத்தம்கூட இல்லை.

அப்போது பக்கத்தில் புஸ்ஸென்று பெரிய மூச்சு ஒன்று கேட்டது. சூசையம்மாள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயால் காற்றை இழுத்தார்.

வேலாயுதம் பதறிப்போனார்.

"என்னம்மா? நெஞ்சு வலிக்குதா? டீச்சர், தண்ணி, தண்ணி!"

"ஒண்ணுமில்ல சார்." அவர் கண்கள் கலங்கியிருந்தன. சிரித்துக்கொண்டும் இருந்தார். "அது கணவாய் மீனு சார். முட்டை போட எடம் தேடுது. அந்தப் பாசி இருக்குற எடத்துலதான் போடும். எனக்கு எதுவும் மறக்கல."

"அந்த மையத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாமா?" என்றார் ஜுலைகா.

"நானே பேசுறேன். எப்ப ஆரம்பிக்கணும்னு கேக்கணும்."

சூசையம்மாள் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வேலாயுதம் கேபினெட்டை மூடித் திருகாணிகளைப் போட்டார். ஒரு திருகாணி பாக்கி இருக்கும்போது நிறுத்தினார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். மொத மானிட்டருக்கு அந்தம்மா நல்லாருக்குன்னு வாயத் தொறந்து சொன்னாங்க. இதுக்கு ஒரு வார்த்தை சொல்லல. அந்தக் கணவாய் வர்றதுக்கு முன்னாடியே நீங்க பில்லு போட ஆரம்பிச்சுட்டீங்க. இதுதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

ஜுலைகா அணைந்திருந்த திரையை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூச்சப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள போனவங்க எப்படிண்ணே பேசுவாங்க?" என்றார்.